தைத்த இடத்தைக் காட்டி விற்றோம்



எங்கள் அத்தா வஃபாத்தான அன்று, ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு பள்ளிவாசலில் வழக்கம்போல் அறிவித்தோம்: அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் எவரேனும் இருந்தால் எங்களிடம் தெரிவியுங்கள், அதற்கு மக்களாகிய நாங்கள் பொறுப்பு. அன்று எவரும் முன்வரவில்லை. மூன்று வாரங்கள் கழித்து அத்தாவின் நண்பர் ஒருவர் தயங்கியபடி வந்தார். எங்கள் சகோதரியின் நிக்காஹ்வின்போது அவர் கொடுத்தது இரண்டு இலட்சம் ரூபாய். அவரிடம் எந்தத் தாளும் இல்லை. அத்தாவின் நாட்குறிப்பில் தொகையும் தேதியும் இருந்தன. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்று பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்றுதான் அது எங்கள் வீட்டுச் செய்தியாயிற்று.

வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன் கடன் அடைக்கப்பட வேண்டும் (4:11). உக்கடத்தில் நாங்கள் குடியிருந்தது வாடகை வீடு. அத்தா விட்டுச்சென்றவற்றில் விற்கத்தக்கது ஒன்றே ஒன்றுதான்: பின்கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் பதினான்கு ஆண்டுகளாக நின்றிருந்த இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இன்றைய இளைஞர்கள் பலர் அந்த வண்டியைப் பார்த்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்தது. நான்கு சிலிண்டர், 948 சிசி எஞ்சின். 1962-இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டதே. அத்தா அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் ஹெரால்டையும் பந்தயக் கார் வரிசையில் சேர்த்துவிடுவார்.

ஓடாத வண்டிக்குக் காயலான் கடை விலைதான் கிடைக்கும். ஆகவே வீட்டிலேயே எஞ்சினைப் பிரிப்பதென்று சகோதரர்கள் மூவரும் முடிவெடுத்தோம். கோவையில் இது வியப்பான செயலன்று. ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே இயந்திரவியல் கற்ற ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. மாருதி எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் ஊரும் இதுவே. செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வார்ப்பாலையும் லேத் பட்டறையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது துணிவு தானாக வந்துவிடுகிறது.

ஹெரால்டின் பானெட் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். டயரின் மேல் அமர்ந்தே வேலை செய்யலாம். ஒவ்வொரு நாளும் இஷா தொழுதுவிட்டு வந்து கொட்டகையில் விளக்கேற்றுவோம். பிளக்குகளைக் கழற்றித் துளை வழியே மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்ட பிறகே துருப்பிடித்த பிஸ்டன்கள் அசைந்தன. ஹெட்டை இறக்கி வால்வுகளைத் தேய்த்தோம். ஹெட் கேஸ்கெட்டைச் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுத்தோம்.

பிளாக்கைக் கழுவித் துடைத்தபோதுதான் அது தெரிந்தது. மேனிஃபோல்டின் மறைவில், தண்ணீர் ஓடும் அறையின் சுவரில், மயிரிழை போல் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு விரிசல். பட்டறையில் மூத்த மிஸ்திரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கொதிக்கிற வண்டியில பச்சைத் தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு நினைவு வந்தது. குன்னூருக்குப் போகும் வழியில், கல்லாறு தாண்டிய ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. அத்தா இறங்கி வருவதற்குள், உதவி செய்யும் ஆவலில் ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றியவன் எங்களில் ஒருவன். அப்போது அவனுக்குப் பத்து வயது. அதற்குப் பின்தான் வண்டி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது, ஓரங்கட்டப்பட்டது. அத்தா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

வார்ப்பிரும்பைச் சூடேற்றி வெல்டு வைத்தால் விரிசல் நீளக்கூடும். ஆகவே மிஸ்திரி இரு முனைகளிலும் துளையிட்டு விரிசலை நிறுத்தினார். பிறகு அதன் நெடுகிலும் ஒன்றையொன்று தொடும்படி மரை போட்டுத் திருகுகளை இறக்கி, அரத்தால் ராவிச் சமப்படுத்தினார். "நிக்கும். எத்தனை நாளைக்குன்னு நான் சொல்லமுடியாது" என்றார். வண்ணம் பூசிய பின் தைத்த தடமே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினோம். எஞ்சின் செருமியதே தவிர ஓடவில்லை. வயர்களை 1-3-4-2 என்னும் வரிசையில் மாட்டுவதற்குப் பதிலாக இரண்டை இடம் மாற்றியிருந்தோம். திருத்தியதும் பிடித்துக்கொண்டது. அம்மா கதவோரம் நின்று கண்களைத் துடைத்தார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து, ஓட்டிப் பார்த்து, இரண்டே கால் இலட்சம் தருவதாகச் சொன்னார். கடன் முழுவதும் அடைந்து மீதமும் இருக்கும். அவர் பிளாக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய் மெல்லிய குரலில் வாதிட்டோம். கேட்காததை நாமாகச் சொல்வானேன், தைத்தது நிற்கிறதே, இதுவும் அத்தாவின் கடனுக்காகத்தானே என்றார் ஒருவர். சொல்லிவிடுவோம் என்றவர், அன்று ஓடையில் தண்ணீர் மொண்டவர்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட, விரல்களில் ஈரம் பட்டதாகவும், மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்டதாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். அந்த வணிகரிடமும் எவரும் கேட்டிருக்கவில்லை. கடன் என்னும் ஓர் அமானிதத்தை நிறைவேற்ற மற்றொருவரை ஏமாற்றினால், அத்தாவின் மேல் இருந்த சுமை எங்கள் மேல் ஏறும், அவ்வளவுதான்.

வெளியே வந்து பானெட்டைத் திறந்து, தைத்த இடத்தைத் தொட்டுக் காட்டினோம். மிஸ்திரி சொன்னதையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். இறுதியில் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். குறைந்த நாற்பதாயிரத்தை மூவரும் எங்கள் சம்பளத்திலிருந்து போட்டோம். மஃரிபுக்குப் பின் அத்தாவின் நண்பரிடம் முழுத் தொகையையும் ஒப்படைத்து, நாட்குறிப்பில் அந்த வரிக்குக் கீழே அவரிடம் கையெழுத்துப் பெற்றோம்.

ஆறு மாதம் கழித்துப் பொள்ளாச்சியிலிருந்து அழைப்பு வந்தது. தைத்த இடத்தில் மீண்டும் ஈரம். கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்சினோம். "நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே தம்பி. அந்த மிஸ்திரி பட்டறை எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். வழி சொன்னோம்.

யா அல்லாஹ்! எங்கள் அத்தாவின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அவருடைய கடனை எங்கள் வழியாக அடைத்ததை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன்.