மூங்கில் கழியும் கடையநல்லூர்த் தெருவும்

தோ பாயோவில் நான் அறை வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு பதினோராம் மாடியில். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே சுவரில் வரிசையாக இரும்புக் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். ஈரத்துணியை நீளமான மூங்கில் கழியில் கோத்து, கிளிப் மாட்டி, கழியை ஜன்னல் வழியே வெளியே நீட்டி, அடிமுனையை அந்தக் குழாய்க்குள் செருக வேண்டும். நனைந்த ஜீன்ஸ் ஏறிய கழி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். கை நழுவினால் கீழே நடந்து போகிறவர் தலையில் விழும். வீட்டுக்காரச் சீனப் பாட்டிதான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். கனத்த துணி சுவரை ஒட்டி, லேசானது நுனியில், முழங்கை இடுப்போடு சேர்ந்தே இருக்க வேண்டும். எல்லாம் சைகையில்தான். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் கொஞ்சம்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்ட வேட்டி, குளித்து முடிப்பதற்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மதியம் வரை வெயில் கொளுத்தும், திடீரென்று வானம் இருட்டும், எதிர் புளோக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். எல்லா ஜன்னல்களிலிருந்தும் கைகள் நீண்டு கழிகளை உள்ளே இழுக்கும். துணி நனைந்துபோன நாளிலும் எனக்கு மழையைத் திட்ட வாய் வருவதில்லை. கரிசக்காட்டில் வளர்ந்தவனால் அது முடியாது.

சிங்கப்பூருக்குப் புறப்படும்போது ஊரில் எல்லோரும் சொன்னது செந்தோசாவும் சிங்கத்தலைச் சிலையும் மரினா பேயும். போனேன், பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. துணி காயப்போடவும், காய்ச்சல் வந்தால் எந்த கிளினிக்குக்குப் போவது என்று தெரிந்துகொள்ளவும், காலையில் என் முகத்தைப் பார்த்ததும் காப்பி கலக்கத் தொடங்கும் ஒரு கடையைப் பிடிக்கவும் அதைவிட நாளாயிற்று. அதற்கெல்லாம் பிறகுதான், இந்த ஊரில் இருக்கிறேன் என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

அந்தக் காப்பிக் கடை எங்கள் புளோக்கின் கீழே இருக்கிறது. நம் ஃபில்டர் காப்பி நினைப்போடு போனால் ஏமாற்றம்தான். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, நீண்ட துணி வடிகட்டியில் ஊற்றி இறக்குகிறார்கள். சும்மா 'கோப்பி' என்றால் கெட்டியான டின்பால் போட்டு வரும். பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. கெட்டிப் பாலுக்குப் பதில் சர்க்கரையும் ஆவிப்பாலும் என்றால் 'கோப்பி சி', இனிப்பைக் குறைக்க 'சியூ தாய்'. மலாய், ஹொக்கியன், கேன்டனீஸ் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். தயங்கி நின்றால் பின்னால் வரிசை நீளும். குடித்து முடித்ததும் தட்டையும் குவளையையும் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். உணவங்காடிகளில் 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். காலியான மேசை மேல் ஒரு பொட்டலம் டிஷ்யூ கிடந்தால் அந்த இடம் யாரோ பிடித்து வைத்தது என்று அர்த்தம். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சைனாடவுன் பக்கம் மேக்ஸ்வெல் உணவங்காடியில் கோழிச்சோறு சாப்பிடப் போனேன். வெளியே வந்து தெருப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. கடையநல்லூர் ஸ்ட்ரீட். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்து ஊர் அது. உலகமெல்லாம் தேடி வரும் மேக்ஸ்வெல் உணவங்காடியின் முகவரியே '1, கடையநல்லூர் ஸ்ட்ரீட்' என்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடையநல்லூரிலும் தென்காசியிலும் தறி ஓட்டிய முஸ்லிம் குடும்பங்கள், நெசவு சோறு போடாமல் போன காலத்தில் இங்கே வந்து தஞ்சோங் பகார் பகுதியில் கூட்டமாகக் குடியிருந்தார்கள். ஆண்கள் துறைமுக வேலைக்கும் சில்லறை வியாபாரத்துக்கும் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். பிழைக்கப் போன இடத்தில் பெண்கள் வீட்டுக்குள் முடங்காமல் தெருவில் உட்கார்ந்து அரைத்துச் சம்பாதித்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கினார்கள். போர் முடிந்து ஊர் எழுந்து நிற்கப் பாடுபட்ட 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் நம் சீறாப்புராணப் புலவரின் பெயர்தான். பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை அது நடந்தது. இன்றும் பீட்டி சாலையில் உமறுப்புலவர் பெயரில் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும் என் போன்றவர்கள், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாட்கணக்கில் கடலில் கிடந்து வந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை, அரசு அறிவிப்பில் தமிழ், பள்ளியில் தமிழ் என்று நான் சாதாரணமாகக் கடந்துபோகும் எல்லாவற்றுக்கும் பின்னால் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

இங்குள்ள இந்தியர் வட்டாரமான தேக்கா பற்றிச் சொல்லாமல் முடியாது. சிராங்கூன் சாலையில் கால் வைத்தால் மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் மணக்கும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். பூ மார்க்கெட் உள்ள ஊர்க்காரனுக்கு அந்த வாசனை போதும். வந்த புதிதில் வேலை முடிந்ததும் எம்ஆர்டி ஏறி அங்கேயே போய்விடுவேன். போகப்போக அது எனக்கு நல்லதாகப் படவில்லை. தேக்காவில் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே தெரிந்த சங்கதி. என் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதோ தெரியவில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புகளில் ஒரே இனத்தார் ஒரே புளோக்கில் குவிந்துவிடாதபடி 1989 முதல் ஒதுக்கீடு வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் மாடியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று கலந்தே கதவுகள். புளோக்கின் கீழே சுவர் இல்லாத திறந்த தளம் ஒன்று உண்டு. ஒரு வாரம் அங்கே மலாய்க்காரர் கல்யாணம், பிரியாணி வாசனை லிஃப்ட் வரை வந்தது. அடுத்த முறை அதே தளத்தில் சீனர் வீட்டு இழவு. பாட்டியின் சிநேகிதி இறந்துவிட்டார். என்னையும் வரச் சொன்னார். வட்ட மேசைகள், தட்டில் தோலோடு நிலக்கடலை, இரவு முழுக்க யாராவது விழித்திருக்கிறார்கள். உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம், கடலை உரித்தபடி உட்கார்ந்திருந்தோம். புறப்படும்போது ஒரு சிவப்பு நூல் தந்தார்கள். விரலில் சுற்றிக்கொண்டு, வீடு சேருமுன் கழற்றிப் போட்டுவிட வேண்டும். பாட்டி லிஃப்ட் வாசலில் நின்று என் விரலைப் பார்த்தார். போட்டுவிட்டேன் என்று விரித்துக் காட்டிய பிறகுதான் பொத்தானை அமுக்கினார். அன்றிலிருந்து நான் அவருக்கு வெறும் வாடகைக்காரன் இல்லை. சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று நாக அரசர்களான சங்கனும் பதுமனும் சண்டை பிடித்த எங்கள் ஊர்க் கோயில் கதையையும், கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவமாகக் கண்டதையும், ஆடித்தபசுக்கு ஊரே கூடுவதையும் ஒரு நாள் அவருக்குச் சொன்னேன். செல்போனில் சங்கரநாராயணர் படத்தைப் பெரிதாக்கிப் பாதிப் பாதியாக உற்றுப் பார்த்தார்.

அம்மாவின் போன் தினமும் வரும். இரண்டரை மணி நேர வித்தியாசம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"ஏய்யா, சோறு தின்னியா?"

"தின்னாச்சும்மா. இங்க மணி பத்தாச்சு."

"அதுக்குள்ளயா? இங்க இப்பத்தான் ஏழரை. என்ன கொழம்பு?"

இப்படி ஒரு அறையும், அழைத்துப் போக ஒரு பாட்டியும் கிடைப்பது இங்கே எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையெல்லாம் நம் பையன்கள். துவாஸிலும் ஜூரோங்கிலும் உள்ள தங்கும் விடுதிகளிலிருந்து வருகிறார்கள். ஒர்க் பெர்மிட்டில் வந்தவர்கள் மனைவி மக்களை அழைத்து வர முடியாது. வேலைத்தளத்துக்கு லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து போகிறார்கள். இது மாற வேண்டும் என்று இங்குள்ளவர்களே பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். நானும் அதைத்தான் கேட்பேன். கட்டடங்களை எழுப்பியவன் இந்த நகரத்தை வாரம் ஒரு மதியம் மட்டுமே பார்க்கிறான்.

எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படி அறிமுகமானான். கம்பி கட்டும் வேலை. பிரியாணி தின்றுவிட்டு, "அண்ணே, இங்க சும்மா ஒக்காந்து படிக்க எடம் இருக்கா?" என்று கேட்டான். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துக்கு நடந்தே கூட்டிப்போனேன். உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது என்பதை அவன் நம்பவில்லை. தமிழ் அடுக்கில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எடுத்துப் புரட்டினான். நாலு பக்கம் போனதும் என் தோளைத் தட்டினான்.

"அண்ணே, இதுல நம்ம ஊர்ப் பேச்சுல்லா இருக்கு!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. எதிரில் படித்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அங்கேதான் போகிறோம். விடுதியிலிருந்து இன்னும் சிலரையும் அவன் கூட்டி வருகிறான்.