எண்ணாகிப் போனவர்கள்

வேலூர் லாங் பஜாரின் சந்தடிக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் அதில் பொறித்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த 14 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. எந்தக் கடல் தாண்டி எங்கே விழுந்தார்கள் என்பதும் இல்லை.

இதே குறையைப் பெரிய அளவில் காண வேண்டுமானால் ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போரில் இந்தியர்கள் மிக அதிகமாக அனுப்பப்பட்ட களம் அன்றைய மெசபடோமியா. 1914 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரை எதிர்த்து ஃபாவோவில் இறங்கியது. அதே மாதத்தில் பாஸ்ரா விழுந்தது. பிறகு பேராசை பிடித்து பாக்தாத்தை நோக்கி நகர்ந்தார்கள். அடுத்த ஆண்டே தோற்றுப் பின்வாங்கி, கூட் என்ற ஆற்றங்கரை ஊரில் முற்றுகையில் சிக்கினார்கள். சாப்பாடு தீர்ந்து குதிரைகளை வெட்டினார்கள். அந்த இறைச்சியை உண்ண மதம் இடம் தராது என்று இந்தியச் சிப்பாய்கள் பலர் மறுத்து, பட்டினியிலும் நோயிலும் வாடினார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தனர். தளபதி டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியாக வைக்கப்பட்டார். சிப்பாய்களை வெயிலில் பாலைவனத்தின் குறுக்கே நடத்திக் கொண்டுபோனார்கள். நடக்க முடியாமல் வழியில் விழுந்தவனுக்கு யார் குழி வெட்டியிருப்பார்கள்?

இப்படிக் கல்லறை இல்லாமல் போன 40,000க்கும் மேற்பட்டோருக்காக எட்வர்ட் வாரன் வடிவமைத்த நினைவகம் 1929 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஷத் அல் அரப் ஆற்றின் கரையில், மாகில் துறைமுகத்தில் நின்றது. அதன் கற்பலகைகளில் பிரிட்டிஷ் படையின் சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியப் படைப்பிரிவுகளின் பலகைக்கு வந்தால் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் இருக்கும். சுபேதார், ஜமேதார் வரை இடம் கிடைத்தது. அதற்குக் கீழே, ‘மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்’ என்று ஓர் எண்.

பதவி, மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பதுதான் இந்த நினைவகத்தை எழுப்பிய போர்க் கல்லறை ஆணையம் 1918லேயே ஏற்றுக்கொண்ட கொள்கை. 1927ல் பிரான்சில் நவ் ஷப்பேல் நினைவகத்தைத் திறந்தபோது, அங்கே மாண்ட 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களையும் கல்லில் வெட்டினார்கள். ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் பெயர்; படாத இடத்தில் எண். இதை வேறு விதமாகப் புரிந்துகொள்ள எனக்கு வழி தெரியவில்லை. பெயர்கள் ஏட்டில் இருந்தன. கல்லில் ஏற்றத்தான் மனம் வரவில்லை.

பாஸ்ரா நினைவகச் சுவரும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மாகில் கடற்படைத் தளம் என்பதால், 1997ல் சதாம் உசேன் அரசின் ஆணைப்படி கல் கல்லாகப் பிரித்து, நசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் மறுபடி கட்டினார்கள். 1991 வளைகுடாப் போர் நடந்த பூமி அது.

2021 ஏப்ரலில் ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு தாமதம்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டாளத்துக்குப் போன கொள்ளுத் தாத்தாவின் வெள்ளிப் பதக்கம் கிடக்கிறதா? தேய்த்துப் பளபளப்பாக்கும் முன் அதன் விளிம்பை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் பொடி எழுத்தில் அங்கே பதிந்திருக்கும். அவர் திரும்பி வராதவர் என்றால், அந்தப் பெயரை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கிடைத்தால் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.