ஓசூர் வரை போய் வந்த அபிப்பிராயம்

பீன்யாவில் காலை பத்தரை மணிக்கு லேத்துகள் ஓயும். பத்து நிமிடம் டீ. தொழிற்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் தள்ளுவண்டிகளைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டைகள் கூடும். ஓவர்டைம், வீட்டு வாடகை, கிரிக்கெட் என்று எதை ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் சினிமாவில் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்துக்குத் திங்கட்கிழமை தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அந்த வட்டத்தில் டர்னர் சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு. செங்கம் பக்கத்திலிருந்து 1996ல் ஒரு துணிப்பையோடு வந்தவர். இப்போது ஐம்பது வயது. தமிழில் கணக்குப் போடுவார், கன்னடத்தில் பேரம் பேசுவார், இந்தியில் பீகார் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பார். படத்தை மட்டும் பட்டறை பாஷையில்தான் அளப்பார். 'கே.ஜி.எஃப்.'புக்கு, "இரும்பு கம்மி, கோட்டிங் ஜாஸ்தி." 'லப்பர் பந்து'வுக்கு, "ரிஜெக்ஷன் இல்லாத ஜாப்." 2024 செப்டம்பரில் வெளியான 'மெய்யழக'னைப் பார்த்துவிட்டு, "பினிஷிங் பிரமாதம், நீளம்தான் டிராயிங்கை மீறிடுச்சு" என்றார். சில நாட்களில் தயாரிப்பாளர்களே படத்தில் சுமார் பதினெட்டு நிமிடங்களை வெட்டினார்கள். தன் பேச்சு சென்னை வரை எட்டிவிட்டது போல அந்த வாரம் முழுக்க நடந்துகொண்டார். 2022ல் 'காந்தாரா'வைக் கன்னடத்திலேயே பார்த்தார். கடைசி இருபது நிமிடங்களைப் பற்றி இரண்டு நாள் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதுவும் ஒரு விமர்சனம்தான்.

அவருக்கு எதிர்க்கட்சி, அதே கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கும் தும்கூர்க்காரர். டர்னர் கடைந்ததை மைக்ரோமீட்டரால் அளந்து தள்ளுபடி செய்வது அவர் உத்தியோகம். படங்களிலும் அதையே செய்வார். பதினைந்து ஆண்டுகளாக இருவரும் ஒரே வண்டியில் டீ குடிக்கிறார்கள். ரஜினி படம் வந்தால் தும்கூர்க்காரர், "எங்க ஊர் கண்டக்டர் குரு, நீங்க கடன் வாங்கியிருக்கீங்க" என்பார். டர்னர், "வட்டியோட திருப்பித் தர்றோம், டிக்கெட் எடுத்துப் பாருங்க" என்பார். 'ஜெயில'ரில் சிவராஜ்குமார் சில நிமிடங்கள் வந்து போனதற்கு அன்றைய டீ முழுக்க தும்கூர்க்காரர் கணக்கில்.

2025 மே 24ம் தேதிக்குப் பிறகு இந்தப் பேச்சு தடுமாறியது. சென்னையில் 'தக் லைஃப்' பட விழா மேடையில், எதிரே அமர்ந்திருந்த சிவராஜ்குமாரிடம் அன்பாகப் பேசப்போய், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் சொன்னார். கர்நாடகத்தில் கண்டனம் எழுந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் வெளியாகாது என்றது கர்நாடக திரைப்பட வர்த்தக சபை. கமல் கேட்கவில்லை. ஜூன் 3ம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றமும், ஒரு மன்னிப்பில் முடிந்துபோகிற விஷயம் இது என்ற தொனியில் பேசியது. ஜூன் 5ம் தேதி உலகம் முழுவதும் வெளியான படம், கர்நாடகத்தில் மட்டும் வரவில்லை.

மொழியியல் படித்தவர்களுக்கு இதில் புதிராக எதுவும் இல்லை. தமிழும் கன்னடமும் ஒரு பழைய மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள், ஒன்று மற்றதற்குத் தாய் அல்ல என்பது வகுப்பறைப் பாடம். கமல் சொன்னது தவறு. ஆனால் ஒரு தவறான வாக்கியத்துக்காக, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தை ஒரு மாநிலமே பார்க்க முடியாமல் செய்வது அதைவிடப் பெரிய தவறு. டீ வண்டி அருகே இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஆள் இல்லை. ஒன்றைச் சொன்னால் அந்தப் பக்கம், மற்றதைச் சொன்னால் இந்தப் பக்கம்.

டர்னர் எதையும் சொல்லவில்லை. பெங்களூரில் முப்பது வருடம் கழித்த தமிழர்களுக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்பது தெரியும். 1991 காவிரிக் கலவரத்தைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறார். 2000ல் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்ற 108 நாட்களும் அறையை விட்டு வேலைக்கு, வேலையை விட்டு அறைக்கு என்று இருந்தவர். 2016 செப்டம்பரில் மறுபடி காவிரி. ஊரடங்கு போட்ட பதினாறு போலீஸ் நிலைய எல்லைகளில் பீன்யாவும் ஒன்று. அந்த நாட்களில் வீட்டுக்குப் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தது தும்கூர்க்காரர்தான்.

2025ல் அப்படி ஏதும் நடக்கவில்லை. ஒரு படம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாள்தான் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில், ஆர்.சி.பி. வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் பதினோரு பேர் செத்துப்போயிருந்தார்கள். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. "இந்த நேரத்துல படம் ஒரு பெரிய விஷயமா?" என்று டர்னரே வீட்டில் சொன்னார். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை மகளையும் அழைத்துக்கொண்டு ஓசூருக்குப் புறப்பட்டார்.

காரணம் 'நாயகன்'. 1987ல் வந்த அந்தப் படத்தை, ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அது வந்து சேர்ந்தபோது மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்த சிறுவன் அவர். முப்பத்தெட்டு வருடம் கழித்து அதே மணிரத்னமும் அதே கமலும் சேர்ந்திருக்கிறார்கள். மகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. பீன்யாவில் பிறந்தவள், பள்ளியில் முதல் மொழி கன்னடம், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பஸ் போர்டை அப்பாதான் படித்துச் சொல்லவேண்டும். "அப்பா தனியா போகவேணாம்" என்று அவள் அம்மா சொன்னதால் துணைக்கு வந்தாள்.

பீன்யா நகரத்தின் வடமேற்கு மூலை, ஓசூர் தென்கிழக்கே எல்லைக்கு அப்பால். மெட்ரோவில் மெஜஸ்டிக், அங்கிருந்து பஸ். சில்க் போர்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி. அத்திப்பள்ளி தாண்டியதும் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறது. தியேட்டர் வாசலில் பாதி வண்டிகளில் 'கே.ஏ.' நம்பர். எதிரே பிரியாணிக் கடையில் கன்னடமும் தமிழும் சமமாகக் கேட்டது. கமலைப் பார்க்கத் தமிழர்கள் மட்டும் வரவில்லை.

படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. முதல் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் மெல்ல மெல்லச் சாய்ந்தார். பனிமலையில் விழுந்த கதாநாயகன் பிழைத்து எழுந்து பழிவாங்கத் திரும்பியபோது மகள் கைபேசியில் மணி பார்த்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். டிக்கெட், பஸ், பிரியாணி எல்லாம் சேர்த்து ஒரு நாள் கூலிக்கு மேல் போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அத்திப்பள்ளி வரை இருவரும் பேசவில்லை. எல்லை தாண்டிய பிறகு மகள், "அப்பா, செம போர்ப்பா" என்றாள். அவர் சட்டென்று, "உஷ்" என்றார். ஏன் உஷ் என்று அவருக்கே விளங்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் சீட்டில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பத்தரை மணி. தும்கூர்க்காரர் டீ கிளாஸை நீட்டியபடி, தணிந்த குரலில், "குரு, பிக்சர் ஹேகித்து?" என்றார். படம் எப்படி இருந்தது என்ற சாதாரணக் கேள்வி. பதினைந்து வருடமாகக் கேட்பது. பக்கத்தில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நன்றாக இல்லை என்றால், தடை சரிதான் என்று ஒருவன் சிரிப்பான். நன்றாக இருந்தது என்றால், பொய். அதோடு, அந்தப் பேச்சையும் சேர்த்து ஆதரிப்பதாக ஆகிவிடும். ஐநூறு படங்களுக்காவது தீர்ப்புச் சொன்ன மனிதருக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"பரவாகில்ல" என்றார்.

தமிழில் பரவாயில்லை, கன்னடத்தில் பரவாகில்ல. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த 'பர்வா' அதற்குள் இருக்கிறது. இரண்டு மொழிக்குமே சொந்தமில்லாத சொல். தும்கூர்க்காரர் தலையாட்டினார், மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கும் இன்ஸ்பெக்ஷன் அனுபவம் உண்டு. எந்த ஜாபை அன்றைக்கு அளக்கக் கூடாது என்பது தெரியும்.

விவகாரம் டெல்லி வரை போனது. தணிக்கையான படத்தை மிரட்டி நிறுத்த முடியாது, திரையிட வருகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தருவது மாநில அரசின் கடமை என்று ஜூன் 17ம் தேதி உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பாதுகாப்புத் தருவதாக அரசு உறுதி கொடுத்தது. இரண்டு நாளில் வழக்கு முடிந்தது. ஆனால் அதற்குள் படமும் ஓய்ந்துவிட்டிருந்தது. மற்ற ஊர்களிலேயே தியேட்டர்கள் காலியாகும்போது யார் துணிந்து பெட்டியை எடுப்பார்கள்? தீர்ப்பு வந்தும் படம் வரவில்லை. இது புதிதும் அல்ல. 2008ல் 'குசேலன்' வெளியாவதற்கு ரஜினி வருத்தம் தெரிவிக்கவேண்டியிருந்தது. 2017ல் 'பாகுபலி' இரண்டாம் பாகத்துக்காக சத்யராஜ், ஒன்பது வருடத்துக்கு முந்தைய பேச்சுக்கு. யாராவது எப்போதாவது மேடையில் எதையோ சொல்வார்கள். பார்க்கிறவன் பஸ் பிடிக்கவேண்டியதுதான்.

ஜூலை 3ம் தேதி படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதற்கு மன்னிப்பு தேவைப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை தும்கூர்க்காரர் கண்கள் சிவக்க வந்தார். இரவு பன்னிரண்டு மணி வரை மகனின் கைபேசியில் பார்த்திருக்கிறார். டீயைக் கையில் வாங்காமலே டர்னரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கா குரு ஓசூர் வரைக்கும் போனே?"

ஒரு கணம் அமைதி. பிறகு டர்னர் சிரித்த சிரிப்பில் வண்டிக்காரரே பாலை இறக்கிவைத்தார். ஒரு மாதம் உள்ளே வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. மெட்டீரியல் முதல் தரம், மெஷின் முதல் தரம், டிராயிங்கே தப்பு; பனிமலை எதற்கு; சிம்புவுக்கு என்ன கோபம் என்று கடைசி வரை விளங்கவில்லை. தும்கூர்க்காரர் பாதிக்கு ஒத்துக்கொண்டார். பாதிக்கு, "இல்ல குரு, கமல் நடிப்பைக் குறை சொல்லாதே" என்று எதிர்த்தார். கமலுக்காக வாதாடியவர் அவர்தான். பத்து நிமிட டீ கால் மணி நேரமானது. சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை கடைசியில் 'சு ஃப்ரம் சோ' வந்தது. கடலோரக் கன்னடத்தில், ஒரு கிராமமும் சோமேஸ்வரத்து சுலோசனா என்கிற பேயும். சின்னப் படம், கூட்டம் தாங்கவில்லை. தும்கூர்க்காரர் இரண்டு டிக்கெட் எடுத்து டர்னரை இழுத்துக்கொண்டு போனார். மங்களூர்ப் பேச்சு தனக்கே அங்கங்கே நழுவியது என்று இடைவேளையில் ஒப்புக்கொண்டார். டர்னர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் பத்தரை மணிக்கு முறைப்படி தீர்ப்பு கேட்கப்பட்டது. சுற்றி ஏழெட்டுப் பேர்.

"காமெடி ஏ ஒன்" என்றார் டர்னர். "இண்டர்வலுக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை."

"இழுவையா?" தும்கூர்க்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "எந்த இடம் இழுவை? சொல்லு, எந்த இடம்?"

டர்னர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.