வளையல் கீறல்

எங்கள் காரில் கியரைச் சுற்றியும் பாட்டுத் திரையைச் சுற்றியும் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. 'பியானோ பிளாக்' என்று பெயர். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. வெயில் சாய்ந்து விழுந்தால் அதில் உள்ள மயிரிழைக் கீறல்கள் எல்லாம் எழுந்து நிற்கும். எங்கள் வீட்டில் அவற்றுக்கு 'வளையல் கீறல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கார் என் பெயரில் இருக்கிறது. மாதத் தவணை என் சம்பளத்தில் போகிறது. இருந்தாலும் கொழுந்தனார் முதல் வாட்டர் வாஷ் பையன் வரை, கீறலைப் பார்த்தவர்கள் அடுத்து என் கையைத்தான் பார்ப்பார்கள். "பொம்பளை ஓட்டுற வண்டில்ல" என்று சிரிப்பார்கள். என் கணவர் அப்படிச் சிரிப்பவர் இல்லை. "ஓட்டும்போது மட்டும் வளையலைக் கழட்டி வச்சிடேன்" என்று பதமாகச் சொல்வார்.

நம் ஊர்க் காரில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். கியரைத் தொடுவது இடது கை. என் இடது கையில் தோல் பட்டை வைத்த கடிகாரம். வளையல் வலது கையில். வலது கை போகாத இடங்களிலும் கீறல் இருந்தது, இடப்பக்க இருக்கைக்கு முன்னால்கூட. வளையல் இடித்தால் தனியாக ஒரு கோடு விழும். இங்கே இருந்தவை எல்லாத் திசையிலும் ஓடின. செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒளியைச் சுற்றிச் சிலந்திவலை போலத் தெரிந்தன. துடைத்துத் துடைத்து விழுந்த கீறல்கள் அவை.

தெருப் புழுதியில் மணல் துகள் உண்டு. அது பிளாஸ்டிக்கை விடக் கடினமானது. காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போது துணி உப்புத்தாளாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மஞ்சள் துணியோடு நடந்த 'பராமரிப்பு' இதுதான். பராமரித்தவருக்குப் பெயர், கீறல் என் வளையலுக்கு.

மோட்டார் வண்டியின் வரலாற்றில் பெண்ணின் அணிகலனுக்கு வேறொரு இடம் உண்டு. 1888-இல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரில் போனார். 100 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார்.

கீறல்களை நானே எடுத்தேன். முதலில் மென்மையான பிரஷால் தூசியைத் தட்டிவிட வேண்டும். பிறகு ஒரு சொட்டு ஷாம்பு கலந்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும். நகத்தை ஓட்டிப் பாருங்கள்: நகம் தட்டினால் கீறல் ஆழமானது, அதை விட்டுவிடலாம். தட்டாவிட்டால் எடுக்கலாம். இடுக்குகளில் பாலிஷ் புகாமல் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக்குக்கான பாலிஷைப் பட்டாணி அளவு பஞ்சில் எடுத்து, உள்ளங்கையளவு இடத்தில் மெல்லத் தேய்த்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது. அழுத்தித் தேய்த்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். பற்பசை வேண்டாம், அதன் துகள் புதுக் கீறல் போடும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை மங்கடித்துவிடும்.

ஒரு மதியம் போதும். ஆனால் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பை மெலிதாகச் சீவி, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறை பளபளக்க வைக்கும்போதும் பொருள் கொஞ்சம் குறைகிறது.

இது எனக்குப் புதிய செய்தி இல்லை. அம்மாவின் கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த பித்தளைக் குடத்தில் அவள் பெயர் வெட்டியிருந்தது. வீட்டில் அவள் பெயர் எழுதியிருந்த ஒரே பொருள் அது. 40 வருடம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். வருகிறவர்கள் எல்லோரும் குடத்தின் பளபளப்பைப் புகழ்ந்தார்கள். இன்று அதில் முதல் எழுத்து மட்டும் தடவினால் தட்டுப்படுகிறது.

யாரும் தொடாததுபோல் இருக்க வேண்டும் என்று கேட்கிற பொருட்கள் வீட்டில் நிறைய. அடுப்பு மேடை, சிங்க், குத்துவிளக்கு, இப்போது கார். தொட்டதற்கான பழியும், தொட்ட தடயத்தை அழிக்கிற வேலையும் பெரும்பாலும் ஒரே ஆளுக்கு வந்துசேர்கின்றன. அந்த ஆளும் அதில் தேய்கிறாள்.

நகத்தில் தட்டிய இரண்டு கீறல்களை அப்படியே விட்டிருக்கிறேன். ஒன்று மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் போட்டது. மற்றொன்று, திரைக்கு வலப்பக்கம், என் வளையலாகவே இருக்கலாம். இருக்கட்டும். மஞ்சள் துணியை எடுத்துவிட்டு மென்பிரஷை வண்டியில் வைத்தேன். "ஞாயித்துக்கிழமை இதால தட்டுங்க, அழுத்தாதீங்க" என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். வளையலைக் கழற்றவில்லை.