கோல்வே கடற்கரையும் 155 பேரும்

மொன்றியலில் விக்ரோறியா பாலத்தால் போய் வருகிற நீங்கள், பாலத்துக்குக் கிட்ட நிற்கிற பெரிய கறுத்தப் பாறாங்கல்லைக் கண்டிருப்பீர்கள். 1859இல் அந்தப் பாலத்தைக் கட்டிய தொழிலாளர்கள் நிறுத்தி வைத்த கல் அது. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலில் வந்து, 1847-48இல் காய்ச்சலில் செத்துப்போன சுமார் 6000 அயர்லாந்துச் சனத்தின் நினைவாக.

அந்தச் சனம் வெளிக்கிட்ட பக்கத்தை ஒருக்காப் பார்க்கவேணும் என்று மனுசிக்குக் கனகால ஆசை. பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இரண்டு பேருமாக டப்ளினில் இறங்கி, பஸ் பிடித்து, மேற்குக் கரையில் இருக்கிற கோல்வேக்குப் போனோம்.

சின்ன நகரம். ஒரு பின்னேரத்துக்குள் நடந்தே பார்த்து முடித்துவிடலாம். கொறிப் ஆறு கடலில் விழுகிற இடத்தில் 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானிஷ் வளைவு. அக்கரையில் கிளடா, முந்தி மீனவர் குடியிருப்பு. இரண்டு கைகள் இதயத்தை ஏந்த, மேலே ஒரு முடி வைத்த மோதிரத்துக்குப் பேர்போன இடம். "தாலி இருக்கேக்கை இது என்னத்துக்கு?" என்று மனுசி சொன்னாலும், கடைக் கண்ணாடியை விட்டு நகர ஆளுக்கு மனம் வரவில்லை.

கடற்கரையோரமாக நடந்தால் சீலியா கிறிபின் நினைவுப் பூங்கா. பஞ்சக் கப்பல்களுக்கான நினைவுக்கல் அங்கேதான் இருக்கிறது. சீலியா, பசியோடு நகருக்கு வந்து 1847இல் இறந்துபோன ஆறு வயதுப் பிள்ளை. மனுசி கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கடலைக் காட்டி, "எங்கட சனமும் இந்தக் கடலிலதானே தத்தளிச்சது" என்றா.

உண்மைதான். 1986 ஓகஸ்ட் 11, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன்தான் முதலில் கண்டு காப்பாற்றியவர். ஜேர்மனியில் இருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும், குறுக்கு வழியில் வந்தவர்கள் என்று கனடாவில் பலர் திட்டினார்கள்.

இன்றைக்கு அதே திட்டை எங்கட ஆக்களின் வாயில் கேட்கிறேன். 2023 மார்ச்சில் ரொக்சம் வீதியை அகதிகளுக்கு மூடினபோது, "நல்ல வேலை" என்று கலியாண வீட்டில் சாப்பிட்டபடியே சொன்னவர்கள் உண்டு. அயர்லாந்துக்காரரும் விதிவிலக்கில்லை. அதே வருசம் டிசம்பரில், கோல்வே மாவட்டத்தில் அகதிகளைத் தங்கவைக்க இருந்த ஹோட்டல் ஒன்று தீயில் எரிந்தது. தீவைப்பு என்ற சந்தேகத்தில் பொலிஸ் விசாரித்தது.

1847இல் மொன்றியல் மேயராக இருந்த ஜோன் ஈஸ்ரன் மில்ஸ், காய்ச்சல் கொட்டில்களுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்தவர். அந்த வருசமே அவரும் அதே காய்ச்சலில் இறந்தார். எங்களிடம் ஒருவரும் உயிரைக் கேட்கவில்லை. வாயைக் கொஞ்சம் அடக்கினால் போதும்.

இனி ஆராவது அந்தக் கதையை எடுத்தால், "அந்த 155 பேரும் எந்த வரிசையில நிண்டு வந்தவை?" என்று கேட்கப்போறதாக மனுசி சொல்லியிருக்கிறா.