கணக்கு நோட்டு எழுதிய பெரியம்மாவுக்கு

அன்புள்ள பெரியம்மா,

காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வைக்கும் வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோக வரப்புத் தகராறே வேண்டியதில்லை. மஞ்சளை எப்போது விற்பது என்பதே போதும். வேகவைத்துக் காயவைத்துவிட்டால் வருஷக்கணக்கில் இருப்பு வைக்கலாம். அதுதான் வினை. ஒருவருக்குக் கையில் உடனே காசு வேண்டும், இன்னொருவருக்கு விலை ஏறட்டும்.

2010-ல் குவிண்டால் பத்தாயிரத்தைத் தாண்டிய மஞ்சள் 2012-ல் ஐயாயிரத்துக்கும் கீழே வந்தபோது நம் வீட்டிலும் அந்தச் சண்டை வெடித்தது. "அப்பவே வித்திருக்கலாம்" என்று அப்பா சொன்னதும், பெரியப்பா சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தார்.

நீங்கள் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. நோட்டை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்து விதை மஞ்சள், உரம், வெட்டுக்கூலி, வேகவைத்த செலவு என்று எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தீர்கள். கடன் அடைக்க எத்தனை மூட்டை வேண்டுமோ அதை முதலில் விற்கச் சொன்னீர்கள். மிச்சத்தை விரலி தனி, கிழங்கு தனியாகப் பாதிப் பாதி பிரித்துச் சாக்கில் குறி போட வைத்தீர்கள். விலை இன்னும் இறங்கும் என்று பயந்த அப்பா அந்த வாரமே ஏலத்துக்கு அனுப்பினார். பெரியப்பா ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டார். யாருக்கு அதிகம் கிடைத்தது என்ற பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது என்றீர்கள். வரவில்லை.

கூட்டு விவசாயம் செய்யும் வீடுகளில் சண்டை வந்தால், "விட்டுக்கொடுத்துப் போங்க" என்பார்கள் பெரியவர்கள். விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒரே ஆளாகவே இருப்பார், பெரும்பாலும் மருமகள். நீங்களோ, அம்மா களையெடுத்த நாட்களுக்கும் ஆள்கூலி எழுதினீர்கள். "வீட்டுப் பொம்பளைக்கு எதுக்குக் கூலி?" என்றவர்களிடம், "வெளியாள் வந்திருந்தாக் குடுத்திருப்போமில்ல?" என்றீர்கள். என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கூலியில்தான் கட்டப்பட்டது.

மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும், நகை போட்டாச்சே என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது ஊர் வழக்கம். அத்தையிடம் அப்படி வாங்க விடாமல் நின்றீர்கள். இன்றைக்கும் பொங்கலுக்கு அத்தை தலை நிமிர்ந்து நம் வாசல் ஏறுகிறார். அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இப்போது நோட்டு அண்ணனிடமும் என்னிடமும் இருக்கிறது. மஞ்சள் வேகவைக்கும் இயந்திரம் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கே எடுப்பதா என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக் கணக்கை வாசிக்கிறோம். அத்தையும் வருகிறார். நீங்களும் அவசியம் வந்து உட்கார வேண்டும், பெரியம்மா.

அன்புடன்,
உங்கள் கொழுந்தனார் மகள்