நெய்வேலியில் என்ன ஸ்பெஷல்?

ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரம் என் ரூம்மேட் கேட்ட கேள்விதான் தலைப்பு. மதுரைக்காரி ஜிகர்தண்டா என்றாள். திருநெல்வேலிக்காரி அல்வா என்றாள். ஆம்பூர்க்காரி சொல்லவே வேண்டாம். என் முறை வந்ததும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பழுப்பு நிலக்கரி"ன்னேன். ரூமே விழுந்து விழுந்து சிரிச்சுது.

நாலு வருஷம் கழிச்சு அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பரீட்சைக்கு வெளியே தமிழில் இவ்வளவு நீளமா எழுதுவது இதுதான் முதல் தடவை. ர, ற தப்பா இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

எல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சது என் பெரியம்மா பொண்ணு. அக்கா அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊரில் எம்.எஸ். படிக்கிறாள். நியூயார்க், சிகாகோ மாதிரி பெரிய ஊர் இல்லை. போன வருஷம் ஒருநாள் வீடியோ காலில், "ஏய், இங்க தோசை கிடைச்சிடுச்சு!"ன்னு கத்தினாள். பார்த்தா அது தோசை இல்லை, எத்தியோப்பியாக்காரங்களோட இஞ்சேரா. டெஃப் என்ற பொடிப்பொடியான தானியத்தை மாவாக்கி, கரைச்சு, சில நாள் புளிக்க வச்சு, பெரிய வட்டக் கல்லில் ஊத்துவாங்களாம். திருப்பிப் போட மாட்டாங்க. மேலெல்லாம் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். குழம்பு, பருப்பு எல்லாத்தையும் அது மேலேயே வச்சு, ஒரே தட்டில் எல்லாரும் பிய்ச்சுச் சாப்பிடணும். பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரு வாய் ஊட்டி விடுவதற்கு 'குர்ஷா'ன்னு தனிப்பேரே இருக்கு.

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டேன். ஆப்பில் தேடியெல்லாம் கண்டுபிடிக்கலையாம். டாக்ஸி ஓட்டினவர் எத்தியோப்பியாக்காரர். "நீங்க எங்க சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டிருக்கா, அவ்வளவுதான். 1974இல் அங்கே மன்னராட்சி கவிழ்ந்து ராணுவம் வந்த பிறகு, நிறைய பேர் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு. அவங்க போய்ச் சேர்ந்த ஊர்களில் எல்லாம் இஞ்சேராவும் போய்ச் சேர்ந்தது.

உடனே எனக்கு ஒரு ஆசை. நெய்வேலியில் வெளிநாட்டுச் சாப்பாடு ஏதாவது இருக்கா? போனில் தேடினா ஃப்ரைடு ரைஸ், ஷவர்மா, பீட்சா. இதெல்லாம் இப்போ எந்த ஊரில் இல்லை? அப்போ நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்த அப்பா கேட்டார்: "அத்தோ சாப்பிட்டிருக்கியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வடலூர், குறிஞ்சிப்பாடி வழியா கடலூருக்குப் பஸ். அங்கே ஒரு தெருமுனையில் தள்ளுவண்டி, அதில் ஒரு தாத்தா. ஆரஞ்சு கலரில் தடியான நூடுல்ஸ், மெல்லிசா சீவின முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எண்ணெயில் பொரிச்ச பூண்டு, நொறுக்கிப் போட்ட பேஜோ. எல்லாத்தையும் கையாலேயே பிசைஞ்சு தட்டில் வச்சார். கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவில் மொஹிங்கா என்பது மீன் போட்டுச் செய்வது. அவர் வண்டியில் மீன் கிடையாது, வாழைத்தண்டு மட்டும். அவிச்ச முட்டையைக் கீறி, உள்ளே வதக்கின வெங்காயத்தைத் திணிச்சு ஒண்ணு கொடுத்தார். நான் மூணு சாப்பிட்டேன்.

ஹிஸ்டரி புக்கில் நான் படிக்காத விஷயம் இது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அடுத்த ரெண்டு வருஷத்தில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆச்சு. 1964இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. தலைமுறை தலைமுறையா அங்கே வாழ்ந்த தமிழர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினாங்க. சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிற பர்மா பஜார் அவங்க பிழைப்புக்காக 1969இல் வந்தது. பீச் ஸ்டேஷன் பக்கம் இன்னைக்கும் வரிசையா அத்தோ கடை.

தாத்தாவும் அப்படி எட்டு வயசில் வந்தவர்தான். "ரங்கூன் ஞாபகம் இருக்கா தாத்தா?"ன்னு கேட்டேன். "எட்டு வயசுல வந்தவனுக்கு என்னம்மா ஞாபகம் இருக்கும்? எங்கம்மா இதைப் பிசையறப்ப பக்கத்துல உக்காந்திருப்பேன். அது மட்டும் தெரியும்"ன்னு சொல்லிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு சந்தேகம். நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தைக் கட்ட உதவினது சோவியத் யூனியன். 1962இல் முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சுது. ரஷ்ய எஞ்சினியர்கள் குடும்பத்தோட இருந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவார். அப்புறம் ஏன் நெய்வேலியில் ஒரு ரஷ்யச் சாப்பாட்டுக் கடைகூட நான் பார்த்ததில்லை?

அப்பா ரொம்ப சாதாரணமா சொன்னார்: "அவங்க வேலைக்கு வந்தாங்க, முடிஞ்சதும் போயிட்டாங்க. போக இடம் இருக்கறவன் எதுக்குக் கடை போடப் போறான்?"

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஏன்னா எங்க வீட்டில் ஆறு மாசமா ஓடுற பிரச்சினையே அதுதான். வர்ற மே மாசம் அப்பா ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுக்கணும். திண்டுக்கல் பக்கம் கிராமத்திலிருந்து வந்து தாத்தா இங்கே வேலைக்குச் சேர்ந்தார், அப்பா பிறந்தது இங்கே, நானும் இங்கே. மூணு தலைமுறை ஆகியும் வாசலில் இருக்கிற மாமரம்கூட எங்களோடது இல்லை. அம்மா வடலூரில் வீடு பார்க்கலாம்கிறாங்க. அப்பா கிராமத்துக்கே போயிடலாம்கிறார். எனக்குப் பிளேஸ்மென்ட் ஆகியிருப்பது பெங்களூரில். "சொந்த ஊர் எது?"ன்னு ஃபார்மில் கேட்டா என்ன எழுதறதுன்னு எனக்கு இப்போவே தெரியல.

நாங்க ரஷ்யக்காரங்க மாதிரியா, பர்மாத் தாத்தா மாதிரியா?

இதை யோசிக்கும்போதுதான் எங்க லைன் வீடுகள் ஞாபகம் வந்தது. 1956இல் கம்பெனி வந்த பிறகு, வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவங்க ஊர் இது. எங்க இடது பக்கம் கேரளாக் குடும்பம். எதிர்வீட்டில் ஒடிசா. ஓணத்துக்குப் பாயசம் வரும். வெயில் காலத்தில் எதிர்வீட்டு ஆன்ட்டி 'பகாளா' கொடுப்பாங்க. பார்த்தா நம்ம பழைய சோறு! தொட்டுக்கக் கத்திரிக்காய் வறுவல். அம்மா பதிலுக்குப் பொங்கலும் பலாச்சுளையும் அனுப்புவாங்க. பாத்திரம் எந்தப் பக்கம் போனாலும் காலியாத் திரும்பாது. நான் எல்லா ஊரும் இப்படித்தான்னு நினைச்சு வளர்ந்தேன். ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது, இல்லைன்னு.

ரூம்மேட் கேட்டப்போ நான் கடைகளை நினைச்சுத்தான் யோசிச்சேன். நெய்வேலியோட ஸ்பெஷல் கடையில் இல்லை, எதிர்வீட்டில் இருந்தது.

இந்த லீவில் ஆன்ட்டிகிட்ட உட்கார்ந்து பகாளா தாளிக்கக் கத்துக்கிட்டேன். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் தயிர். அவங்களும் அடுத்த வருஷம் புவனேஸ்வர் போறாங்களாம். அத்தோவையும் வீட்டில் முயற்சி பண்ணினோம். நூடுல்ஸ் குழைஞ்சு போச்சு, பூண்டு கருகிடுச்சு, அப்பா மட்டும் "நல்லாத்தானே இருக்கு"ன்னு சாப்பிட்டார். அம்மா ஒரு கிண்ணத்தில் எதிர்வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாங்க. சாயங்காலம் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே நாலு அரிசிப் பலகாரம்.

இந்த லீவில் உங்க ஊருக்குப் போனா, ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. தள்ளுவண்டிக்காரர்கிட்டயோ எதிர்வீட்டு ஆன்ட்டிகிட்டயோ, "நீங்க எங்கிருந்து வந்தீங்க, அங்க என்ன சாப்பிடுவீங்க?"ன்னு கேளுங்க. பதில் கிடைச்சா அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. ர, ற பத்திக் கவலைப்படாதீங்க.